கேமராவா, ஸ்பீக்கரா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம், சட்டைக்குப் பித்தான் போட முடியாத அளவுக்குச் சுகம்.

உனக்குப் போன் வாங்கக் கடைக்குப் போனேன். ஒரே விலையில் இரண்டு இருந்தன. ஒன்றில் கேமரா பிரமாதம். மற்றதில் கேமரா சுமார்தான், ஸ்பீக்கர் ஊரையே கூட்டும்.

"கேமரா போனை எடுடா, அம்மா முகம் பளிச்சுனு தெரியும்" என்றான் கூட வந்த நான் வேலை பார்க்கும் லாண்டரியின் இஸ்திரிக்காரன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடியோவில் பேசும்போதும், கேட்கவில்லை என்று நீ போனைக் காதில் ஒட்டிக்கொள்கிறாய். இரண்டு வருஷமாக நான் பார்ப்பது உன் காதைத்தான். இடது தோட்டில் ஒரு கல் விழுந்ததுகூட எனக்குத் தெரியும்.

அதனால் சத்தக்காரனையே வாங்கி அனுப்பியிருக்கிறேன். செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பேசு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், முகத்தைக் காட்டு.

இப்படிக்கு,
உன் காதை மனப்பாடம் செய்த மகன்