குருசு மறஞ்சிட்டு

சாமி,

நேற்றுக் காலையில் என் போன் இடமில்லை என்று அடம்பிடித்தது. கல்யாண வீட்டு வீடியோ, குட் மார்னிங் படம் என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் விரல் ஒரு குரல் பதிவில் போய் நின்றது. தொட்டதும் இஞ்சின் சத்தத்துக்கு மேலே என் தொண்டையே கத்தியது: "ஏலே, குருசு மறஞ்சிட்டு. எல்லாரும் வாங்க, இறங்கிருவோம்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

சங்கு குளிக்கிறவனுக்கு அந்தப் பேச்சில் ஒரு விசேஷமும் கிடையாது. கடலடியில் சங்கு கிடக்கும் பாறைத்திட்டை நாங்கள் பார் என்போம். அதைக் கரையை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். படகு தெற்கே நகர நகர உங்கள் கோயில் கோபுரத்துச் சிலுவை, நாங்கள் சொல்கிற குருசு, எங்கள் பள்ளிவாசல் மினாராவுக்குப் பின்னால் போகும். முழுசாக மறைகிற இடத்தில் நங்கூரம் போட்டால் கீழே பார் இருக்கும்; தைரியமாக முங்கி இறங்கலாம். ஜிபிஎஸ் பார்த்து ஓட்டுகிற இளவட்டங்களுக்கு இது தெரியாது. ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பக்கத்துப் படகுகளுக்கு நான் அதை அனுப்பிய அதே காலையில், உப்பளச் சாலைக் குருசடியில், அந்தச் சின்னச் சிலுவைக் கோயிலில், குருசு உடைந்து கீழே கிடந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் என் பதிவை ஊர் குரூப்பில் போட்டுவிட்டான். குருசு ஒழிந்தது, வாருங்கள், களத்தில் இறங்குவோம் என்று ஒரு பாய் கூப்பிடுகிறான். கேட்டவர்களுக்கு அப்படித்தான் விளங்கியது. கரையில் எனக்காகக் கம்போடு ஆள் நிற்பதாகப் போன் வந்தது. பள்ளிவாசல் பக்கமும் ஆட்கள் கூடிவிட்டார்களாம். நான் படகைக் காயல்பட்டினத்துக்குத் திருப்பி, என் கூடப்பிறந்த ராத்தா வீட்டு உள்ளறையில் போய்ப் பதுங்கினேன்.

மறுநாள் காலையில் நீங்கள் தனியாக வந்தீர்கள். குருமடத்தில் நடைமுறை இறையியல் சொல்லிக்கொடுப்பவர், சமய சமாதானம் பற்றித் தடித் தடியாய்ப் புத்தகம் எழுதியவர், விடுமுறைக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள். ஊருக்கு வரும்போது நீங்கள் கூட்டுகிற நல்லிணக்கக் கூட்டத்துக்கெல்லாம் நான் பிஸ்கட்டுக்காகவே வருவேன் என்பது உங்களுக்குத் தெரியும். "உங்க இறையியல்ல நீச்சல் பாடம் உண்டா சாமி?" என்று கேட்டால், "இல்ல காக்கா, கரையில நின்னு கத்துற பாடந்தான்" என்பீர்கள், அண்ணனை எங்கள் வழக்கப்படி காக்கா என்றே கூப்பிட்டு. அன்றைக்கு உங்கள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"நீங்க போன்ல சொன்ன கடல் கணக்க எடுத்துச் சொல்லி, சாயங்காலம் வரைக்கும் பொறுங்கன்னு கெஞ்சிட்டு வந்திருக்கேன். படகெடுங்க. எங்க ஆளுக நாலு பேரக் கூட்டியாறேன். குருசு மறையுற அந்த எடத்தக் காட்டுங்க."

"நான் அங்கன வரமாட்டேன். வெட்டிருவானுவ."

நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க காக்கா. நெசமாவே அது கடல் பேச்சுதானா?"

பத்து வருஷப் பழக்கம் சாமி. ராத்தா கொண்டுவந்த டீ உங்கள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பதிலும் சொல்லவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். ஊரில் எல்லோரும் என் தைரியத்தைப் பேசுகிறார்கள். நான் படகேறியது கோபத்தில்.

நாலு பேரில் ஒருவர், குருசடியைக் கட்டியவரின் மகன், படகின் முன்பக்கத்து அணியத்தில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நீங்கள், அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கரையே தெரியவில்லை. வெயில் மூட்டம். கோபுரமும் இல்லை, மினாராவும் இல்லை.

"எங்க ஓய் உம்ம குருசு?" என்றார் அவர்.

இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். உங்கள் உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ. பிறகு காற்று திரும்பி, மூட்டம் மெல்லக் கலைந்து கோபுரம் தெரிந்தது. உச்சியில் குருசு. பக்கத்தில் மினாரா. நான் படகைத் தெற்கே ஊர விட்டேன். இடைவெளி ஒரு விரல் ஆனது, அரை விரல் ஆனது.

"குருசு மறஞ்சிட்டு." சொன்னது நானில்லை. அணியத்தில் இருந்தவர், தன்னை அறியாமல். சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது என்னவென்று அவருக்கு உறைத்தது. கையைக் கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் நங்கூரத்தைப் போட்டுவிட்டு இறங்கினேன். ஒரு சங்கோடு மேலே வந்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணால் பார்த்ததை அவரே கரையில் சொல்ல, சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் கூட்டம் கலைந்தது. பின்னால் எடுக்கும்போது குருசடியில் இடித்துவிட்டேன் என்று உப்பு லாரிக்காரர் அழுதுகொண்டு வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான்.

குருமடத்துக்குத் திரும்புமுன் என்னைத் தேடிக் கடற்கரைக்கு வந்தீர்கள். "அன்னிக்கு உங்கள நம்பாமத்தான் படகேறினேன் காக்கா. இத எந்தப் புத்தகத்துலயும் என்னால எழுத முடியாது" என்றீர்கள். நான் வலையைப் பார்த்துக்கொண்டு, "கடலுக்கு வந்தீங்கல்ல, அது போதும்" என்றேன். போதவில்லை சாமி. உங்கள் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தியது. நீங்கள் உயிரோடு இருந்தவரை அதை எடுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

போன மாதம் உங்கள் அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் நானும் நின்றேன். பெட்டியின் மூடி மேல் ஒரு மரக் குருசு. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். வெளியே தெரிந்த குருசின் கடைசி ஓரம் என் பிடி மண்ணில்தான் மூடியது. வார்த்தை தானாகத் தொண்டை வரை வந்துவிட்டது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தேன். பயந்து விழுங்கிவிட்டேன்.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. ராத்தா வீட்டில் நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கடல் பேச்சுதான் சாமி. எனக்கு உங்க மேல கோவம் இல்ல.

குருசு மறஞ்சிட்டு. இறங்குங்க.