சிட்டு சொன்ன மாப்பிள்ளை

மார்ச் 4, புதன்

நீயே சொல்லு சாமி, ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தம்பி மகள் சிட்டு, பள்ளிக்கூடம் விட்டால் என் வீட்டில்தான் இருப்பாள், மாற்றுச் சட்டைகள்கூட இங்கேதான். இன்று எதிர்வீட்டுச் சிறுமியோடு அப்பா அம்மா விளையாட்டு. இவள்தான் அப்பா. "பெரியவளானதும் நிஜமாவே இவளத்தான் கட்டிப்பேன் அத்தை." சிரித்துவிட்டேன். அப்புறம் யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று வாசல் கதவைச் சாத்தினேன்.

மார்ச் 5

"அப்பாகிட்ட சொல்லாதடி" என்றேன். "ஏன்?" என்கிறாள். ஏன்?

மார்ச் 7, சனி

என் வாயில் மண்ணைப் போட. எனக்கு மனசுக்குள் கும்பிடத் தெரியாது, வாய்விட்டுச் சொன்னால்தான் உனக்குக் கேட்கும் என்று ஒரு நினைப்பு. தம்பி வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்ததே தெரியாமல், "அந்தப் பொண்ணக் கட்டிப்பேங்குதே, பிள்ளையக் காப்பாத்து"ன்னு புலம்பிட்டேன். உனக்குக் கேட்டதோ இல்லையோ, அவனுக்குக் கேட்டுவிட்டது.

"யாரு யாரக் கட்டிக்கப்போறா?"

"விளையாட்டுடா..."

"முளையிலயே கிள்ளணும்க்கா. ஹாஸ்டல்ல போட்டாத்தான் சரிப்படும்."

மார்ச் 8

இருட்டென்றால் என் புடவையைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை. அங்கே யார் புடவையைப் பிடிக்கும்? அடிப்பாங்களோ? சோறு இறங்கவில்லை.

மார்ச் 11, புதன்

தம்பி பெட்டியோடு வந்தான், பிள்ளையை ஹாஸ்டலுக்குக் கூட்டிப்போக; அவள் சட்டைகளை அதில் அடுக்கி மூடினான். கூடவே அவன் மனைவி, அழுத முகத்தோடு. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கிளப்ப நாலு ஆள் வேணுமே!

"எந்திரிக்கா."

"மாட்டேன். போன மாசம் தையக்காரர் பையனக் கட்டிப்பேன்னா. நீதானடா அவன 'மாப்ள, மாப்ள'ன்னு கூப்பிட்டுச் சிரிச்ச? அப்பக் கொழந்த, இப்ப மட்டும் பெரிய மனுஷியா?"

அவன் மனைவி குனிந்து என் காதில், "எந்திரிச்சிடாதீங்க அண்ணி" என்றாள்.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக வேலைக்குப் போய்விட்டான். சிட்டு சட்டைகள் மறுபடி என் அலமாரியில்.

நாளைக்குத் திரும்பி வருவானோ?

இரு, இப்பத்தான் ஞாபகம் வருது. சின்ன வயசில் நாங்களும் இதே விளையாட்டுத்தானே விளையாடினோம். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு நான் வேலைக்குப் போவேன். மண்சோறு ஆக்கி வைத்து, தலையில் முக்காட்டோடு வாசலிலேயே காத்திருப்பான் தம்பி.