புளி போட்டு விளக்கிய வண்டி

என் கூடப் பிறந்த சேகருக்கு,

உன் வண்டியைப் புளி போட்டு விளக்கிவிட்டாள் உன் மனைவி மல்லிகா. குத்துவிளக்கை விளக்குவதுபோல, தேங்காய் நார் வைத்து. முதலில் இந்த அநியாயத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். நாலு பேர் படிக்கட்டும். குடும்ப விஷயம் என்று மூடி வைத்து எனக்குப் பழக்கமில்லை.

நீ போய் வருஷம் திரும்ப இன்னும் ஒரு மாதம்தான். திதிக்கு வருகிறவர்கள் கண்ணில் வண்டி அழுக்காகப் படக்கூடாது என்று செய்தாளாம். பித்தளைக்குப் புளி சரி. பைக்கின் குரோம் முலாமுக்கு ஆகுமா? தேய்த்த அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. சரியாகக் கழுவவில்லை, துடைக்கவும் இல்லை. மறுநாள் முன் மட்கார்டிலிருந்து துரு பழுப்பாக வழிந்திருந்தது. மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது, அதையும் சொல்லவில்லை.

உன் மகள் ரேவதிக்கு வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி பஸ் நம் தெருவுக்கு வராது, மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். அதனால் உன் வண்டியிலேயே போகப் போகிறாளாம். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சிரித்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் துருவைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது. "அத்த, ஞாயித்துக்கெழம மெக்கானிக்காண்ட வுட்டு எல்லாத்தையும் கறுப்பு அடிச்சுடறேன். இப்ப அதான எல்லாரும் அடிக்கிறாங்க" என்றாள்.

"உங்கப்பன் குனிஞ்சு மூஞ்சி பாத்து மீச வாரின எடத்துல கறுப்பா?" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் விட்டுவை என்று கேட்டேன். கெஞ்சினேன் என்று அவள் சொல்லிக்கொண்டு திரிகிறாள், நம்பாதே.

எனக்கு யார் எதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? தையல் மெஷினை நானே பிரித்து நானே மாட்டியவள். பழைய ஸ்டூலின் குரோம் காலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். உப்புத்தாள் கோடு போட்டது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் அதைவிட மோசம். கடைசியில் கைகொடுத்தது ரேவதி சப்பாத்தி சுற்றிக்கொண்டு போகிற வெள்ளித்தாள். அதைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்தால் துரு கருங்குழம்பாகக் கழன்று வருகிறது. தாள் குரோமைவிட மெத்தென்று இருப்பதால் கீறுவதில்லை. கழுவின கையோடு ஈரம் போகத் துடைத்து வண்டிக்குப் பூசுகிற மெழுகைப் பூசிவிட வேண்டும். துடைக்க உன் வேட்டியைத்தான் கிழித்தேன். கோபப்படாதே.

ஷிஃப்ட் முடிந்து வந்த ரேவதி, "இன்னா அத்த, சாமி வெளக்காட்டம் தேச்சிகினு கீற?" என்று கிண்டல் செய்தாள். தேய்த்தேன். ஹெட்லைட் வளையம் வந்தது, சைலன்சர் வந்தது, மட்கார்டும் வந்தது. மட்கார்டில் மூன்று இடம் மட்டும் வரவில்லை. மூன்றும் வட்டம், காசு வைத்து வரைந்ததுபோல. புளி வட்டமாகவா தின்னும்?

காபி கொண்டுவந்த மல்லிகா தம்ளரைக் கீழே வைக்காமல் நின்றாள். "அண்ணி, அது புளியால வந்தது இல்ல. அது அவரு வச்ச பொட்டு" என்றாள்.

போன ஆயுத பூஜைக்கு நீ சந்தனமும் குங்குமமும் வைத்தாயே, அந்தப் பொட்டுகள். இரண்டு வாரத்தில் நீ போய்விட்டாய். பிறகு ஒரு நாள் மல்லிகா துணியோடு வண்டிகிட்டே போனபோது அவள் கையைப் பிடித்துத் தடுத்தவள் நான். அவன் விரல் பட்டது, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வண்டி நிற்கிற இடத்துத் தகரக் கூரை ஒழுகிய மழையெல்லாம் அந்தச் சந்தனம் குடித்து, மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. அடியில் இரும்பு வரை அரித்துவிட்டது.

"பொட்டு உதுந்ததும் அடியில துரு தெரிஞ்சுது. நீங்க பாத்தா தாங்க மாட்டீங்கன்னுதான் புளி போட்டு எடுக்கப் பாத்தேன்" என்றாள்.

எனக்கு மன்னிப்புக் கேட்க வராது, உனக்கே தெரியும். கையிலிருந்த வெள்ளித்தாளில் பாதியைக் கிழித்து அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேவதி வந்து குந்திப் பார்த்தாள். மூன்று வட்டங்களையும் விரலால் தடவி, இது போகாதா என்று கேட்டாள். குரோம் தின்று போன இடத்தில் தேய்த்தால் வராது, கடையில் திரும்ப முலாம் போட்டால்தான் உண்டு என்றேன். அது பொட்டு வைத்த இடம் என்பதையும், தப்பு யாருடையது என்பதையும் சொன்னேன். அவள் எழுந்து விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி வுடு அத்த. பொட்டோடவே ஓட்றேன்."

இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், நீயும் கேட்டுக்கொள். மழையில் நனைந்து வந்தால் ரேவதி தன் தலையைத் துவட்டுமுன் வண்டியைத் துவட்ட வேண்டும். மல்லிகா உப்பு போர் தண்ணீரில் வண்டி கழுவக் கூடாது. மாதம் ஒரு முறை மெழுகு பூசுவது அவள் பொறுப்பு, அந்த மெழுகைக் கடையில் கேட்டு வாங்கி வருவது ரேவதி. ஒழுகுகிற தகரத்தை வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் மாற்ற வேண்டும். மாற்றும் வரை நான் போய்ப் போய் நிற்பேன். உன் திதி முடிந்து வருகிற ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது நான், மறுநாள் விடிந்ததும் துடைப்பதும் நான்.

உன் மகளிடம் சொல்லிவிட்டேன். மல்லிகாவிடம் 'தப்பு என்னுடையது' என்று வாய் திறந்து சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி இருக்கிறது. அதையும் நான்தான் செய்ய வேண்டும். உன் திதிக்கு இலை போடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், உன்மேல் சத்தியம்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிற
உன் அக்கா கோவிந்தம்மாள்,
ஒரகடம்.