கடைசி அத்தியாயத்தைக் காணோம்

14 ஜூன் 1959, ஞாயிறு

கோபம் இன்னும் ஆறவில்லை. எங்கள் சர்ச்சில் புத்தக அலமாரி என் பொறுப்பு. போன மாதம் மாதர் சங்கத்தில், மதராஸிலிருந்து கப்பலில் வந்த ஒரு புது நாவலை எல்லோரையும் படிக்கச் சொன்னேன். ஒரு போதகர் கொலையாகிறார். கொன்றவனைக் கண்ணால் பார்த்த டாக்டர் பயத்தில் வாயைத் திறப்பதில்லை. கடைசி அத்தியாயத்தில், தான் விரும்பும் நர்சிடம்தான் மனதையும் உண்மையையும் சேர்த்துக் கொட்டுகிறான். இழந்த விசுவாசமும் அங்கேதான் அவனுக்குத் திரும்புகிறது.

இன்று ஆராதனை முடிந்ததும் மெர்சி அக்கா புத்தகத்தோடு வந்து நின்றார். "என்னம்மா, கடைசி அத்தியாயமே இல்ல! கொன்னது யாருன்னே தெரியல லா!"

பார்த்தேன். பிளேடால் வெட்டியிருந்தது.

சர்ச் செயலாளர் டேனியல் ஐயா பக்கத்திலேயே நின்றார். துளிக்கூட வெட்கமில்லை. "நான்தாம்மா எடுத்தேன். அந்த அத்தியாயத்துக்கு 'காதல் வென்றது'ன்னு தலைப்பு போட்டிருக்கான். நம்ம பொண்ணுங்க படிக்கிற புத்தகம் இல்லையா? எரிச்சுட்டேன்."

"படிச்சுப் பாத்தீங்களா ஐயா?"

"தலைப்பே போதும்."

வாசலிலேயே பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தி, எரிந்துபோன அத்தியாயத்தை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னேன்.

சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டேனியல் ஐயா பின்னாலேயே வந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அப்புறம் மிச்சத்தை நானும் படிச்சேன். போதகரைக் கொன்னது யாரு?"

"ஜெபம் பண்ணுங்க ஐயா, தெரியும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.