பேர் போடுகிற இரண்டு நிமிடம்

கொட்டிவாக்கம்,
திங்கட்கிழமை

அன்புள்ள ஜாஸ்மின் அப்பாவுக்கு,

இப்படி ஆரம்பித்ததும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும். போனில் அவள் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். உங்கள் படகில் வேலை செய்யும் சைஃப் லீவு முடிந்து பஹ்ரைன் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மாதா புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன், முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் பெண் ஜெயித்துவிட்டாள்.

பேங்க் வேலையை விட்டுவிட்டு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன ஆபீசில் சேர்ந்தாளே, அப்போது நீங்கள் கேட்டீர்கள், சினிமாவுக்குப் பேர் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினீர்கள். இரண்டு வருஷம் ஆகிறது. நானும் அப்போது உங்கள் பக்கம்தான் இருந்தேன், மறைக்க மாட்டேன்.

போன மாசம் ஒரு கொலைப் படத்துக்கு ஆரம்பத்தில் பேர் போடுகிற வேலை, முதல் தடவையாக அவளை நம்பித் தனியாக வந்தது. அதற்கு என் கையைப் படம் பிடிக்க வேண்டும் என்றாள். மார்க்கெட்டில் நான் மீன் வெட்டுகிற கட்டைக்கு எதிரே கேமராவை வைத்தார்கள். முகம் வேண்டாம், கை மட்டும். கொடுவா மீனின் செதிலைச் சீவி வயிற்றைக் கீறினால் போதும் என்றாள். நான் கத்தியை எடுத்ததும் பழக்க தோஷத்தில் கட்டை மேல் கத்தி முனையால் சிலுவை போட்டுவிட்டேன். அது வேண்டாம் என்றாள். மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவையும்! சிலுவை போடாமல் முதல் மீனில் எனக்குக் கத்தி இறங்காது, உங்களுக்குத் தெரியாதா? இன்னாம்மா நீ, வெளிச்சம் போய்க்கினே கீது என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். எனக்கும் கோபம், அந்த மீனை வெட்டி முடித்து, கட்டையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஆபீசில் போட்டுப் பார்த்தவள் எனக்குப் போன் செய்து அழுதாள். அந்தச் சிலுவை மேல்தான் படத்தின் பேர் வரப்போகிறதாம். கதையில் வருகிற கொலைகாரனும் பெரிய பக்திமானாம். அவன் யார் என்று எழுதினால் அடுத்த கொலை நான்தான்.

அதற்கும் ஆபத்து வந்தது. தயாரிப்பாளர் கணேசமூர்த்தி பேர் வருகிற அந்த இரண்டு நிமிடத்தையும் வெட்டச் சொன்னார். ஜனங்கள் பாப்கார்னோடு சீட்டைத் தேடுகிற நேரம் அது, கறுப்புத் திரையில் பேரைப் போட்டால் போதாதா என்றார். இவள் விடவில்லை. கதை ஆரம்பிப்பதற்குள் பயம் வயிற்றில் வந்து உட்கார வேண்டும், ஜனங்களோடு ஒரு தடவை பாருங்கள், ஒருத்தர் பேசினாலும் நானே வெட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். இந்தப் பிடிவாதம் என் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்ததில்லை.

சனிக்கிழமை தி.நகரில் ஜனங்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எலுமிச்சம்பழம் போட்டு மூன்று முறை கையைக் கழுவிக்கொண்டு நானும் போனேன். விளக்கு அணைந்தும் ஒரே பேச்சு, அங்கங்கே போன் வெளிச்சம். பாட்டு இல்லை, மேளம் இல்லை, ஐஸ் உடைகிற சத்தம் மட்டும் வந்தது. செதில் பறந்து வந்து திரையில் ஒட்ட, ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு பேராக வந்தது. என் கைதான், எனக்கே பயமாக இருந்தது. போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கத்தி முனை மெதுவாகச் சிலுவை போட்டபோது பக்கத்து சீட்டு அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அது யார் கை என்று தெரியாமலே. ஒருத்தர்கூட இருமவில்லை. பிறகு கைதட்டினார்கள் பாருங்கள், படமே இன்னும் ஆரம்பிக்கவில்லை! வெளியே வந்ததும் கணேசமூர்த்தி என்னைக் கும்பிட்டு, ஒரு நொடிகூடக் குறைக்க மாட்டேம்மா என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதம் படம் போனிலேயே வருமாம். ஆரம்பத்தைத் தாண்டிப் போக மூலையில் ஒரு பட்டன் வரும் என்று சைஃப் காட்டினான். உங்கள் கட்டைவிரலுக்கு அவசரம் அதிகம். இந்த ஒரு தடவை அதைத் தொடாதீர்கள். கடைசிச் செதிலில் அவள் பேர் வருகிறது. ஜாஸ்மின் என்று மட்டும் போட்டால் எடுப்பாக இருக்குமே என்று ஆபீசில் சொன்னார்களாம். முடியாது என்று முழுசாகப் போட்டிருக்கிறாள். ஜாஸ்மின் ஜான்.

கடலில் கவனமாக இருங்கள். மாதா உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
ஜெசிந்தா

பி.கு. அவள் போன் நம்பர் மாறவில்லை.