நானா கேட்ட கிம்புலா பனிஸ்

நானா,

இன்று கிளினிக் அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு தாள் அகப்பட்டது. ‘முருங்கையிலை சேர்த்த சத்தான மாலு பாண்’ என்று தலைப்பிட்டு, நான் தட்டச்சு செய்து உங்கள் கையில் தந்த மீன் பனிஸ் செய்முறை. ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. பின்பக்கத்தில் உங்கள் கோணல் எழுத்தில் ஒரே ஒரு சொல்: உப்பு? நிலத்தில் இருந்துகொண்டு சிரித்தேன். மருந்து கொடுக்கிற பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சிரித்து முடிகிறபோது அழுகையும் வந்துவிட்டது.

யுத்தம் முடிந்த கையோடு கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற மிஸ்ஸியாக இந்தக் கரைக்கு நியமனமாகி வந்தேன். நுரைச்சோலைத் தோட்டங்களில் பூசணியும் பீட்ரூட்டும் மலைபோல் விளைந்தன. எல்லாம் லொறி ஏறித் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய், ஊர் பார்த்து, தோல் சுருங்கிப் புத்தளம் சந்தைக்குத் திரும்பி வந்தன. நாலு மைல் தள்ளிக் கரையோரக் குடிசைகளில் இருந்த மீன்வாடிப் பெண்களுக்கு அதில் ஒரு துண்டும் கிடைக்கவில்லை. சோறும் மீனும், அது இல்லாத நாளில் பாணும் பிளேன்டீயும்தான் சாப்பாடு. தாய்மாருக்கு இரத்தம் காணாது, பிள்ளைகளுக்கு நிறை காணாது. அந்த மணல் பாதையில் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் தினமும் வந்தது ஒன்றே ஒன்று, பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாணும் பனிஸும் விற்க வரும் உங்கள் பாண் ஓட்டோ.

ஆகவே ஒரு காலை ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடுவீதியில் நின்று, ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் உங்களை மறித்தேன். அப்போது நீங்கள் ஒரு கிம்புலா பனிஸைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். முதலை மாதிரி நீட்டாக, முதுகெல்லாம் சீனி அப்பின பனிஸ். உங்கள் காலில் ஆறாத புண்ணொன்று இருந்தது. சீனி வருத்தமா, நீரிழிவா என்று கேட்டேன். பல வருசமாக என்று பெருமையாகச் சொன்னீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே இரண்டு வேலை முளைத்துவிட்டது. வாடிக்குக் கீரை கொண்டுபோக உங்கள் கண்ணாடிப் பெட்டியில் இடம் பிடிக்க வேண்டும், உங்கள் வாயிலிருந்து பனிஸைப் பிடுங்க வேண்டும். இரண்டாவதிலிருந்து தப்புவதற்காகத்தான் முதலாவதுக்குச் சம்மதித்தீர்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

“சரி மிஸ்ஸி, கீழ்த்தட்டை எடுத்துக்கோங்க. ஆனா இது ஆடு திங்கிற சாமான். மனுசன் வாங்குவான்னு செல்லாதீங்க.”

முதல் கிழமை ஏழு நாளும் நீங்கள் சொன்னபடியே நடந்தது. பொன்னாங்காணியும் வல்லாரையும் போன மாதிரியே திரும்பி வந்தன. வாடிப்போனதை ஆடுகளுக்குப் போட்டீர்கள். அடுத்த கிழமை உங்கள் பாட்டுக் கேட்டதும் பெண்கள் வருவதற்கு முன்னால் ஆடுகள் வந்து வரிசையில் நின்றன. ஒரு கிடாய் உங்களை மூன்று வாடிகள் தாண்டித் துரத்திக்கொண்டு வந்ததாம். வாழ்க்கையில் இப்படி நேர்மையான வாடிக்கையாளரைக் கண்டதில்லை என்று என்னிடம் முறைப்பாடு செய்தீர்கள்.

கீரையைக் கட்டாக விற்க முடியாவிட்டால் மாலு பாணுக்குள் ஒளித்து விற்கலாம் என்று எனக்குப் பட்டது. மீனோடு உருளைக்கிழங்கு வைக்கிற இடத்தில் பூசணியும் முருங்கையிலையும். சுகாதாரத் திணைக்களக் கைநூலைப் பார்த்து எண்ணெயைக் குறைத்தேன், உறைக்கிற கொச்சிக்காயை நீக்கினேன், உப்பை அடியோடு விட்டேன். உப்பளத்தைப் பார்த்துப் பிறந்து வளர்ந்த சனத்துக்கு உப்பில்லாத மாலு பாண் செய்து அனுப்பிய முதல் ஆள் நான்தான். ஒரு கிழவர் கடித்துவிட்டு, வீட்டில் யாருக்கும் வருத்தமா என்று உங்களிடம் பரிவோடு விசாரித்தாராம். கிடாய்கூட மோந்துவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொன்னீர்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை.

பிறகு என்னைக் கேட்காமல் நீங்களே அளவாக உப்புப் போட்டீர்கள், மாசிக் கருவாட்டுத் தூள் போட்டீர்கள், கொச்சிக்காயைத் திரும்பச் சேர்த்தீர்கள். பத்து மணிக்கு முன்னால் தட்டுக் காலி. உள்ளே என்ன பச்சையாக இருக்கிறது என்று பெண்கள் கேட்க, முருங்கையிலைதான் என்றீர்கள். அவர்கள் வேலியில் நின்ற மரத்தை அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வீடு தேங்காய்ப்பூப் போட்டு வதக்கிய கீரைச் சுண்டல். உங்கள் மாலு பாண் விற்பனை படுத்துவிட்டது. நல்லது செய்யப் போய்ப் பிழைப்பில் மண் விழுந்ததே என்று என்னைத் திட்டினீர்கள். திட்டிக்கொண்டே பூசணியைத் துண்டு போட்டுக் கட்டிக் கொண்டுபோகவும் தொடங்கினீர்கள்.

உங்கள் விசயத்தில் மட்டும் நான் தோற்றேன். இரத்தம் சோதிக்கிற நாளுக்கு முன்னால் இரண்டு நாள் நல்ல பிள்ளையாக இருப்பீர்கள். சோதித்து முடிந்து வெளியே போனதும் தாடியில் சீனி மின்னும். விற்காத பனிஸை வீசினால் இறைவன் தந்த பரக்கத் போய்விடும் என்பது உங்கள் வாதம். ஆட்டுக்குப் போடுங்கள் என்றேன். “ஆட்டுக்குச் சீனி வருத்தம் வந்தா யாரு பாக்குற மிஸ்ஸி?” என்று கேட்டீர்கள்.

கடைசியில் புண் முற்றி, காலை வெட்டி எடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தீர்கள். நான் பார்க்க வந்த அன்று வாடிப் பெண்கள் பஸ் ஏறி வந்து போயிருந்தார்கள். ஆளுக்கொரு சாப்பாட்டுப் பெட்டி. முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சுண்டல், மறுபடியும் முருங்கையிலைச் சுண்டல். கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன அலுமாரியில் தண்ணீர்ப் போத்தல் வைக்க இடமில்லை.

“ஊரையே கெடுத்துட்டீங்க மிஸ்ஸி. ஒரு பனிஸ் கொண்டர ஒரு ஆளில்ல,” என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்களாவது ஒண்டு வாங்கித் தாங்களே. கிம்புலா. ஒண்டே ஒண்டு.”

நான் வகுப்பு எடுத்தேன். புண் ஆறட்டும், சீனி இறங்கட்டும், வாற கிழமை பார்ப்போம் என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு வாய் சுண்டலைத் தின்று, உப்புச் சரி என்றீர்கள். வாற கிழமை வரவில்லை. புதன்கிழமை உங்கள் ஜனாஸா அடக்கம். அன்று கரையிலிருந்து ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை.

இப்போது பிள்ளைகளின் நிறை ஏறுகிறது. மற்ற ஊர் மிஸ்ஸிமார் எப்படிச் செய்தீர்கள் என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். நானும் பெரிய ஆள் மாதிரிச் சொல்கிறேன். அன்று நான் சொன்னதும் கைநூல்படி சரிதான். ஆனால் அந்த ஒரு பனிஸ் உங்களைக் கொன்றிருக்காது, தராமல் விட்டது உங்களைக் காப்பாற்றவும் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

இப்போதெல்லாம் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்கிறேன். உங்களுக்கு என்ன தின்ன ஆசை என்று. சிலர் வெட்கப்படுவார்கள், சிலர் யோசிப்பார்கள். உங்களிடம் நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை. நீங்களாகவே சொன்னீர்கள். அப்போதும் நான் தரவில்லை, நானா.