மஃபின் குறிப்பில் நான் வாசிக்காமல் விட்ட வரி

பாளையங்கோட்டை
4.12.1996

அன்பு மகள் பிருந்தாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை குமரவேலும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும், வயிற்றில் இருக்கும் பிள்ளை குறையில்லாமல் வளர வேண்டும் என்று நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். அம்மாவுக்கும் சேர்த்து அந்தச் சொல்லை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முடியவில்லை. மழை நன்றாகப் பெய்து ஆற்றில் தண்ணீர் மண்டபப் படி வரை வந்து வடிந்துவிட்டது. வீட்டில் ஒழுக்கு இல்லை. மற்றபடி உன் கடைசி மூன்று கடிதத்திலும் நீ ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாய், மஃபின் எப்படி வந்தது, அம்மாவுக்குப் பிடித்ததா, போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று. பதில் எழுதாமல் கடத்திக்கொண்டே வந்தேன். இனிமேல் கடத்த முடியாத நிலைமை வந்துவிட்டதால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், எங்கேயாவது எனக்குச் சாதகமாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் நீயே கழித்துக்கொள்.

உன் மஃபின் குறிப்பு, அந்தக் கிண்ணக் கேக்கின் செய்முறை, ஆகஸ்டு கடைசியில் வந்தது. அப்போது அம்மாவுக்குச் சர்க்கரை 280. கண்ணில் புரை முற்றிவிட்டது, சர்க்கரை இறங்கினால்தான் அறுவை செய்ய முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ பயத்தில் சோற்றையே குறைத்துவிட்டு மெலிந்துகொண்டே போனாள், எடை நாற்பத்தேழு கிலோ. எது செய்து கொடுத்தாலும் இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளுவாள். அந்தச் சமயத்தில்தான் நீ, கோதுமை மாவு, பாதி வெல்லம், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், துருவிய சுக்கினி என்றெல்லாம் எழுதி, இது உடம்புக்கு நல்லது, அப்பா அளவு தவறாமல் செய்யக்கூடியவர், அவரே செய்யட்டும் என்று முடித்திருந்தாய். அம்மாவால் வாசிக்க முடியாது என்பதால் வழக்கம்போல் நான்தான் உரக்க வாசித்தேன். கோதுமை மாவு ஒன்றரைக் கப் என்று வாசித்தேன், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி என்று வாசித்தேன், அதற்கு அடுத்த வரியில் முட்டை இரண்டு, நன்றாக அடித்துக்கொள்ளவும் என்று இருந்தது. என் நாக்கு அதைத் தாண்டி ஏலக்காய்க்குப் போய்விட்டது. நான் யோசித்துச் செய்யவில்லை, அந்த அளவு சமயோசிதம் எனக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். மீனம்பாக்கத்தில் நீ அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய அன்று அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஊரில் எது சாப்பிட்டாலும் நம்ம சைவத்தை விட்டுராதே என்று கேட்டதும், நீ சரிம்மா என்று சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆறு வருடமாக அவள் இந்தத் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கும் பெருமை அது ஒன்றுதான். நீ அந்த வரியை எழுதும்போது உன் கை தயங்கியதாகத் தெரியவில்லை, எழுத்து மற்ற வரிகளைப் போலவே சீராக இருந்தது. அதை நான் பலமுறை பார்த்தேன்.

சுக்கினி இங்கே ஏது. நீ அனுப்பிய படத்தை வைத்து அது பூசணி இனம், பிஞ்சில் பறிப்பது என்று தெரிந்துகொண்டேன். முதலில் சுரைக்காய் போட்டுப் பார்த்தேன், தண்ணீர் விட்டது. வெள்ளரிக்காய் மணம் ஒத்துவரவில்லை. பிறகு முக்கூடல் பக்கத்திலிருந்து பாளை மார்க்கெட்டுக்கு வரும் பூசணிப் பிஞ்சு சரியாக இருந்தது, துருவிப் பிழிந்தபின் இருநூறு கிராம். அக்ரூட்டுக்குப் பதில் நிலக்கடலை. உங்கள் ஊர்க் கப் இருநூற்று நாற்பது மில்லி என்று நூலகத்தில் பார்த்துக்கொண்டேன், முப்பத்தொரு வருடம் மண் பரிசோதனை நிலையத்தில் இருந்தவனுக்கு அளப்பது கஷ்டமில்லை. ஓவனுக்காக எதிர்வீட்டு சாரம்மாள் டீச்சரிடம் போனேன், நீ போனபின் குடிவந்தவர்கள், மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸுக்குத் தானே கேக் போடுகிறவர் என்பதால் எல்லாம் தெரியும். முட்டை இல்லாமல் இரண்டு தடவை செய்தேன், தயிர் ஊற்றி ஒருமுறை, சோடாவைக் கூட்டி ஒருமுறை. முதலாவது நடுவில் பச்சை மாவாக நின்றது, இரண்டாவதை அம்மா கடித்துப் பார்த்துவிட்டுக் கட்டியாக இருக்கிறது என்று வைத்துவிட்டாள். டீச்சர் உன் குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு, அண்ணாச்சி, இதுல முட்டைன்னு தெளிவா போட்டிருக்கே, அது இல்லாம எங்கன எழும்பும் என்றார். உடனே, அக்கா சாப்பிடுவாங்களா, அவங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டார். அந்த அம்மாள் கேட்காமல் செய்யவில்லை, இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான்தான் தெரியும் என்றேன், டாக்டர் மருந்து மாதிரி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னேன். வாழ்நாளில் மேலதிகாரியிடம் ஒரு நாள் விடுப்புக்குக்கூடப் பொய் சொல்லத் துணியாதவன் அன்று அவ்வளவு சரளமாகச் சொன்னதை நினைத்தால் எனக்கே விளங்கவில்லை.

அன்று இரண்டு முட்டையும் அடித்து ஊற்றிய மஃபின் பொங்கி, மேலே வெடித்து, நிறமாக வந்தது. அம்மா ஒன்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னொண்ணு இருக்கா என்று கேட்டாள். மூன்று மாதத்தில் அவள் இன்னொன்று கேட்டது அன்றுதான். அம்மைக்கு எது இறங்கும்னு மகளுக்குத்தான் தெரிஞ்சிருக்கு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குச் சுலபமாகத் தோன்றலாம், எனக்கு அன்று தோன்றவில்லை. சனிக்கிழமைதோறும் செய்தேன். எடை நாற்பத்தொன்பது ஆனது, சாப்பாட்டுக்கும் கை நீண்டது, மாத்திரையையும் வேளைக்குப் போட்டுக்கொண்டாள், சர்க்கரை 190க்கு இறங்கியது, தை மாதம் கண் அறுவைக்கு நாள் பார்க்கலாம் என்று டாக்டரும் சொன்னார். பலன் இவ்வளவு கண்ணுக்குத் தெரிந்தபோது குற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதோடு நின்றிருந்தால் நான் பேசாமல் இருந்தே காலத்தைக் கழித்திருப்பேன். போன மாதம் கந்த சஷ்டி வந்தது. உன் பிரசவம் நல்லபடி நடக்க வேண்டும் என்று ஆறு நாளும் விரதம் இருக்கப்போகிறேன் என்றாள் அம்மா. சர்க்கரைக்காரி வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியும் கேட்கவில்லை. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மஃபினில் அரிசி இல்லையே, கோதுமைதானே, பழமும் பாலும் மாதிரி அதுவும் பலகாரம்தான், தினமும் சாயங்காலம் முருகனுக்கு வைத்துவிட்டு ஒன்றைச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். முக்கூடல் பெரியம்மாவும் விரதத்துக்குத் துணையாக வந்து தங்கினாள். நான் பதறிப்போய் முதல் நாளுக்கு முட்டை இல்லாமல் வாழைப்பழம் பிசைந்து போட்டுச் செய்துவைத்தேன். அம்மா ஒரு வாய் கடித்துவிட்டுக் கீழே வைத்தாள், போன வாரம் செஞ்ச மாதிரி செய்யுங்க, இது தொண்டையில நிக்குது என்றாள். அன்று இரவு மயக்கம் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலையில் நான் சாரம்மாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அப்புறம் நாலு நாள், பூசை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டில் இரண்டு மஃபினை வைத்து அக்காவும் தங்கையும் சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். திறக்கவில்லை.

ஆறாம் நாள் காலையில், கடைசி நாளுக்குப் பூசணிப் பிஞ்சு வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா முக்கூடல் போய் மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் குறிப்பு வேண்டும் என்றிருக்கிறாள். அம்மா என் கடிதக் கோப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். உன் கடிதங்களையெல்லாம் நான் துளை போட்டுத் தேதி வாரியாகக் கட்டிவைத்திருப்பது உனக்குத் தெரியுமே, மறைக்க வேண்டிய கடிதத்தையும் அதன் தேதிக்குரிய இடத்திலேயே வைத்திருந்தேன், அப்படிப்பட்ட புத்திசாலி நான். பெரியம்மா ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்து எழுதிக்கொண்டே வந்தவள், அந்த வரியில் நின்று, ஏட்டி பிரமு, இது என்னட்டி எழுதியிருக்கா என்று அம்மாவைக் கேட்டாளாம். நான் பையோடு வந்தபோது பெட்டி கட்டியாகிவிட்டது. மண்ணைப் பரிசோதிச்சது போதாதுன்னு பொண்டாட்டி வயித்தையும் பரிசோதிச்சுட்டீரோ என்று என்னைக் கேட்டுவிட்டு, நேரே எதிர்வீட்டு வாசலில் போய் நின்று டீச்சரைத் தெரு கேட்கப் பேசினாள். டீச்சர் என்னைப் பார்த்து மட்டும், அக்காவுக்குத் தெரியும்னு சொன்னீங்களே அண்ணாச்சி என்றார். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொண்டார். இன்றுவரை அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை, திறக்க வேண்டும் என்று கேட்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை.

அம்மா நான் செய்ததைப் பற்றி முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பூசை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தபடி, அவ சாப்பிடுதாளா என்று கேட்டாள். என்னையும் மறந்து, முருகனையும் மறந்து, அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நான் யோசிக்காமல் இன்னொரு பொய் சொன்னேன், பிருந்தா போடுவதில்லை, குறிப்பு யாரோ அமெரிக்கக்காரியுடையது, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள், அதை விட்டுவிட்டுச் செய்யும்படி பிருந்தாவே ஓரத்தில் எழுதியிருந்தாள், நான்தான் கேட்காமல் போட்டேன் என்றேன். அப்போ நீங்கதான் என்றாள். ஆமாம் என்றேன். வெள்ளித் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறு நாளும் அவளுக்காகத்தானே இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னாள். அன்று சூரசம்ஹாரம் பார்க்கக் கோயிலுக்கும் போகவில்லை.

அன்றிலிருந்து என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. எனக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், குறை சொல்ல முடியாது. தனக்குத் தனி ஏனம் வைத்துக்கொண்டு, கண் சரியாகத் தெரியாமல் தானே பொங்குகிறாள், போன வாரம் கஞ்சி கொட்டி இடது கையில் கொப்புளம். உன் கடிதம் வந்தால் மாடியில் குடியிருக்கும் விஜயஸ்ரீயை அழைத்து வாசிக்கச் சொல்கிறாள். விரதம் கெட்டது உன் பிரசவத்தைப் பாதித்துவிடும் என்று பயந்து, பரிகாரமாக வாரத்தில் இரண்டு நாள் தண்ணீரோடு இருக்கிறாள். எடை மறுபடியும் நாற்பத்தாறு, சர்க்கரை ஒரு நாள் ஏறுகிறது ஒரு நாள் கிடுகிடுவென்று இறங்குகிறது. கண் அறுவைக்கு இனி நாள் சொல்ல முடியாது, இப்படியே போனால் உயிருக்கே ஆகாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். ஒன்றாம் தேதி நீ போன் செய்தபோது அம்மா குளிக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். வாங்க மறுத்துவிட்டாள். நான் சொன்னதை அவள் பாதிதான் நம்பியிருக்கிறாள் என்று நினைக்கிறேன், உன்னிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் போனுக்குப் பயப்படுகிறாள். ஆனால் அடுத்த போனுக்குள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு நானே கேட்பேன் என்று விஜயஸ்ரீயிடம் சொல்லியிருக்கிறாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த விஷயத்துக்குக் கடிதத்தில் பதில் எழுதிவிடாதே. ஜனவரி ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது அம்மாதான் எடுப்பாள். முதலில் பட்டினி கிடக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல், நீ சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் இனி எதையும் கேட்கமாட்டாள். பிறகு அவள் கேட்கும் கேள்விக்கு இல்லை என்று சொல்ல உன்னால் முடியுமா என்று யோசித்துப் பார். முட்டையில் என்ன இருக்கிறது, இந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீ ஆரம்பிக்கலாம், அதில் நியாயமும் இருக்கலாம், அந்த ஊரில் இருப்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாது. அப்படிச் சொன்னால் உன்னைக் கோபிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அவளுக்கு வீட்டில் நான் என்ற ஒரு ஆள் ஏற்கனவே இல்லாமல் போயாயிற்று, மிச்சம் நீதான். நான் உன்னைக் காப்பாற்றினேன் என்று எண்ணிச் சொன்ன வார்த்தை அது. யாரைக் காப்பாற்றினேன் என்று இப்போது தெரியவில்லை. ஒரு பொய்யை அடைக்க இன்னொரு பொய்யை மகளிடமே கேட்டு வாங்குகிற தகப்பன் ஆகிவிட்டேன், இதையும் உன்னிடம் சொல்லாமல் விட்டால் அது இன்னும் மோசம் என்று நினைத்துத்தான் எழுதினேன், இதுவும் தவறோ என்னவோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரும் நேரத்தில் நான் வீட்டில் இருக்கமாட்டேன். குறுக்குத்துறைப் பக்கம் போய் ஆற்றங்கரையில் இருந்துவிட்டு, பத்து மணிக்கு மேல் வருவேன். நீ என்ன சொன்னாய் என்று உன்னிடம் கேட்கமாட்டேன், அவளிடமும் கேட்கமாட்டேன். எனக்குச் சோறு போட்டுவிட்டு அவள் தனக்கும் தட்டு எடுக்கிறாளா என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு, பனியில் தனியாக நடக்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேரனுக்கு முத்தம். நீ நிறைந்த ஆயுளோடும் நல்ல பிள்ளைப் பேறோடும் விளங்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். அம்மாவின் ஆசீர்வாதமும் உண்டு, அவளைக் கேட்காமல்தான் எழுதுகிறேன் என்றாலும் இது ஒன்று பொய்யாக இருக்காது.

உன் அப்பா,
சிவசண்முகம்